ராணிக்காகப் பாடினார்... ராணி தடைசெய்த வழிபாட்டுக்கும் இசை எழுதினார்! யார் இந்த வில்லியம் பேர்ட்?

2023 மே 6. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் மூன்றாம் சார்லஸ் மன்னருக்கு முடிசூட்டு விழா. புராட்டஸ்டன்ட் மதத்தைக் காப்பேன் என்று மன்னர் உறுதிமொழி எடுத்த சிறிது நேரத்தில் பாடகர் குழு ஒரு லத்தீன் பாடலைப் பாடியது. அதற்குப் பிறகு அப்போதைய பிரதமர் ரிஷி சுனக் எழுந்து வந்து பைபிள் வாசகம் படித்தார். டிவியில் பார்த்தவர்களுக்கு ரிஷி சுனக் நினைவிருப்பார். அந்த லத்தீன் பாடல் நினைவிருக்க வாய்ப்பு குறைவு.

அந்தப் பாடலுக்கு 430 வயது. முதலில் அச்சானபோது அச்சகத்தின் பெயரைக்கூடப் போடவில்லை. அது எந்த வழிபாட்டுக்காக எழுதப்பட்டதோ, அதில் கலந்துகொண்டு மாட்டினால் 100 மார்க் அபராதம், ஓராண்டு சிறை. கதவைச் சாத்திக்கொண்டு கத்தோலிக்கர்கள் ரகசியமாகப் பாடிய இசை அது. அதே இசைதான் இங்கிலாந்து திருச்சபையின் தலைவருக்கு முடிசூட்டும்போது ஒலித்தது.

எழுதியவர் வில்லியம் பேர்ட். ஆங்கிலத்தில் பறவையைச் சொல்வதுபோலவே இவர் பெயரையும் உச்சரிக்க வேண்டும். இதில் பெரிய விசித்திரம் ஒன்று உண்டு. இந்த ரகசிய இசையை எழுதிய காலத்தில் அவர் ஊர் பேர் தெரியாத ஆள் இல்லை. அந்தத் தடைச் சட்டங்களைக் கொண்டுவந்த முதலாம் எலிசபெத் ராணியிடம் சம்பளம் வாங்கிய அரண்மனைப் பாடகர்!

மதம் மாறிக்கொண்டே இருந்த நாடு

பேர்ட் 1540 வாக்கில் பிறந்தார். அப்போது இங்கிலாந்தில் எந்த மதம் சட்டப்படி சரி என்பது அரியணையில் யார் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது. எட்டாம் ஹென்றி 1534-ல் போப்போடு உறவை முறித்தார். அவர் மகன் எட்வர்ட் காலத்தில் லத்தீன் வழிபாடே போய் ஆங்கில வழிபாடு வந்தது. 1553-ல் மேரி வந்தார், கத்தோலிக்கம் திரும்பியது. 1558-ல் எலிசபெத் வந்தார், மறுபடியும் புராட்டஸ்டன்ட். சிறுவன் பேர்ட் வளர்ந்து வாலிபனாவதற்குள் நாடு இத்தனை முறை புரண்டு படுத்துவிட்டது.

இசைக்காரர்களுக்கு இது வெறும் நம்பிக்கைப் பிரச்சினை இல்லை, பிழைப்புப் பிரச்சினையும்கூட. பேர்டின் குரு தாமஸ் டாலிஸ் இதில் கைதேர்ந்தவர். ஹென்றி, எட்வர்ட், மேரி, எலிசபெத் என நான்கு ஆட்சியாளர்களிடமும் அரண்மனைச் சிற்றாலயத்தில் வேலை பார்த்தார். யார் வந்தாலும் அவர்களுக்கு வேண்டிய மொழியில், வேண்டிய பாணியில் எழுதிக் கொடுத்தார். 40 தனித்தனிக் குரல்களுக்கு ஒரே பாடலை எழுதிய மனிதர் அவர். அந்த 40 என்ற எண்ணைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பேர்டுக்கு முதல் பெரிய வேலை 1563-ல் கிடைத்தது. லிங்கன் நகரக் கத்தீட்ரலில் ஆர்கன் வாசிக்க வேண்டும், பாடகர் சிறுவர்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். 1568-ல் ஜூலியன் என்ற பெண்ணைத் திருமணம் செய்தார். அடுத்த ஆண்டே தேவாலய நிர்வாகம் அவரது சம்பளத்தை நிறுத்தி வைத்தது. ஆர்கன் வாசிப்பில் அளவுக்கு மீறி அலங்காரம் செய்தார் என்பதே காரணமாக இருக்கும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அந்த ஊரில் இருந்த கண்டிப்பான புராட்டஸ்டன்ட்களுக்கு, வழிபாட்டில் சொல் கேட்க வேண்டும், இசை முந்திக்கொள்ளக் கூடாது. ஆனாலும் அவரை முழுதாக விட மனமில்லை. 1572-ல் அவர் லண்டன் போன பிறகும், பாடல்கள் எழுதி அனுப்ப வேண்டும் என்ற நிபந்தனையோடு சம்பளத்தில் ஒரு பகுதியைத் தொடர்ந்து கொடுத்தார்கள்.

லண்டனில் கிடைத்தது அரண்மனை வேலை. அதுவும் ஒரு சாவு வழியாக வந்தது. ராபர்ட் பார்சன்ஸ் என்ற அரண்மனைப் பாடகர் 1572-ல் டிரென்ட் ஆற்றில் மூழ்கி இறந்தார். அந்த இடத்துக்கு பேர்ட் தேர்வானார். ஆண்டுச் சம்பளம் 30 பவுண்டு. அன்றைக்கு மரியாதையான தொகை.

ராணி கொடுத்த ஏகபோகம்

எலிசபெத் ராணிக்கு இசை என்றால் உயிர். தானே விசைப்பலகைக் கருவி வாசிப்பார். லத்தீனும் தெரியும். 1575-ல் டாலிஸுக்கும் பேர்டுக்கும் ஒரு பெரிய சலுகை கொடுத்தார். இங்கிலாந்தில் இசைப் புத்தகம் அச்சிடும் உரிமை 21 ஆண்டுகளுக்கு இவர்கள் இருவருக்கு மட்டும். கோடு போட்ட இசைத்தாள் விற்பதும் இவர்கள் கையில்தான்.

நன்றிக்கடனாக அந்த ஆண்டே லத்தீன் பாடல் தொகுப்பு ஒன்றை வெளியிட்டார்கள். ராணி ஆட்சியின் 17-ம் ஆண்டைக் கணக்கு வைத்து ஆளுக்கு 17 பாடல். புத்தகம் விற்கவே இல்லை. ஏகபோகம் இருந்தும் கையைச் சுட்டுக்கொண்டார்கள். 1577-ல் நஷ்டத்தைச் சொல்லி ராணியிடமே மனு போட்டார்கள். ராணியும் கைவிடவில்லை, நிலக் குத்தகை கொடுத்து உதவினார்.

அதே 1577-ல்தான் பேர்ட் வீட்டின் மேல் முதல் புகார் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை ஊர்த் தேவாலயத்துக்கு வராதவர்கள் பட்டியலில் மனைவி ஜூலியனின் பெயர் ஏறியது. 1580-களின் நடுவில் பேர்டின் பெயரும் சேர்ந்தது. வராதவர்கள் என்றால் சோம்பேறிகள் என்று அர்த்தமில்லை. கத்தோலிக்கர்கள் என்று அர்த்தம்.

சட்டம் எவ்வளவு கடுமையாக இருந்தது?

1559-ல் ஒரு ஞாயிறு வராவிட்டால் 12 பென்ஸ் அபராதம், அவ்வளவுதான். 1570-ல் போப் ஐந்தாம் பயஸ் எலிசபெத்தைத் திருச்சபையிலிருந்து விலக்கினார். அவருக்குக் கீழ்ப்படிய வேண்டாம் என்று குடிமக்களுக்கும் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு கத்தோலிக்கரும் அரசின் கண்ணில் துரோகியாகத் தெரிய ஆரம்பித்தார். 1581-ல் அபராதம் மாதத்துக்கு 20 பவுண்டு ஆனது. பேர்டின் ஆண்டுச் சம்பளமே 30 பவுண்டு என்பதை வைத்துக் கணக்குப் போட்டால் நிலைமை புரியும். 1585-ல் வந்த சட்டப்படி, வெளிநாட்டில் பட்டம் பெற்ற கத்தோலிக்கப் பாதிரியார் இங்கிலாந்துக்குள் இருந்தாலே ராஜதுரோகம். அவருக்கு இடம் கொடுத்தவருக்கும் மரண தண்டனை.

1581 டிசம்பர் 1-ம் தேதி எட்மண்ட் கேம்பியன் என்ற இயேசு சபைப் பாதிரியார் லண்டன் டைபர்னில் தூக்கிலிடப்பட்டு, உடல் வெட்டிக் கூறுபோடப்பட்டது. அவரைப் பற்றி ஒரு கவிதை ரகசியமாகச் சுற்றியது. அதை வெளியிட்டதற்காக ஒருவரின் காதுகள் அறுக்கப்பட்டன. அந்தக் கவிதைக்கு மெட்டு அமைத்தவர் பேர்ட்! 1588-ல் அதை அச்சிலும் கொண்டுவந்தார். ஆபத்தான சரணங்களை எடுத்துவிட்டு முதல் சரணத்தை மட்டும் விட்டுவைத்தார். தெரிந்தவர்களுக்கு அதுவே போதுமே.

ப்ராக் நகரில் பேரரசரின் இசைத் தலைவராக இருந்த பிலிப் டி மொன்டே, மேரி ராணி காலத்தில் இங்கிலாந்து வந்து போனவர். 1583-ல் இவர் பேர்டுக்கு எட்டுக் குரல் பாடல் ஒன்றை அனுப்பினார். பாபிலோன் நதிக்கரையில் அடிமைகளாக உட்கார்ந்து அழுத யூதர்களைப் பற்றிய பைபிள் சங்கீதம் அது. அடுத்த ஆண்டு பேர்ட் பதில் அனுப்பினார். அதே சங்கீதத்தின் அடுத்த பகுதி, அதே எட்டுக் குரல். அந்நிய நாட்டில் எங்கள் இறைவனின் பாட்டை எப்படிப் பாடுவது என்று கேட்கும் பகுதி. சொந்த நாட்டிலேயே அந்நியன் ஆனவனின் பதில். கடிதம் எழுதியிருந்தால் மாட்டியிருப்பார். பைபிள் வரிக்கு மெட்டுப் போட்டதற்கு யார் வழக்குப் போடுவது?

ஒரு வீடு, எட்டு நாள்

1586 ஜூலை. பக்கிங்ஹாம்ஷயரில் ரிச்சர்ட் போல்ட் என்பவரின் பண்ணை வீடு. ஹென்றி கார்னெட், ராபர்ட் சவுத்வெல் என்ற இரண்டு இளம் இயேசு சபையினர் அந்த மாதம்தான் ரகசியமாகக் கரை இறங்கியிருந்தார்கள். அவர்களை வரவேற்கத்தான் இந்தக் கூட்டம். அங்கே வந்திருந்தவர்களில் பேர்டும் ஒருவர்.

அங்கிருந்த வில்லியம் வெஸ்டன் என்ற பாதிரியார் பின்னாளில் தன் நினைவுக் குறிப்பில் இதைப் பதிவு செய்திருக்கிறார். அந்த வீட்டில் ஆர்கன் இருந்தது. வேறு இசைக் கருவிகளும் இருந்தன. பாட ஒரு குழுவும் இருந்தது. கத்தீட்ரல் என்றால் சிறுவர்களும் ஆண்களும்தான் பாட முடியும். இங்கே வீட்டு ஆட்களே பாடகர்கள், ஆண்களும் பெண்களும் சேர்ந்து. எட்டு நாளும் பெரிய தேவாலயத் திருவிழாபோல வழிபாடு நடந்தது. சில வாரங்களில் வெஸ்டன் கைதானார். சவுத்வெல் 1595-ல் தூக்கிலிடப்பட்டார். கார்னெட் 1606-ல்.

பேர்டின் மிகப் பெரிய வேலை இந்த மாதிரி வீடுகளுக்காகத்தான் பிறந்தது.

பயம் தீர்மானித்த குரல்களின் எண்ணிக்கை

கோரஸ் என்றதும் பலரும் சேர்ந்து ஒரே மெட்டைப் பாடுவதுதான் நினைவுக்கு வரும். மறுமலர்ச்சிக் கால ஐரோப்பிய இசை அப்படி இல்லை. மேல் குரலுக்கு ஒரு மெட்டு, நடுக் குரலுக்கு ஒன்று, கீழ்க் குரலுக்கு ஒன்று. ஒருவர் தொடங்க, அடுத்தவர் அதே சொல்லைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வருவார். எல்லாம் தனித்தனியாக ஓடும், ஆனால் ஒன்றோடொன்று பொருந்தும். பெரிய கத்தீட்ரல்களில் ஒவ்வொரு குரலுக்கும் நாலைந்து பேர் நிற்பார்கள். ஆளுக்கு ஒருவர் என்றாலும் டாலிஸின் பாடலுக்கு 40 பேர் வேண்டும்.

ஒளிந்து வழிபடும் வீட்டில் 40 பேருக்கு எங்கே போவது?

1592-க்கும் 1595-க்கும் இடையில் பேர்ட் மூன்று லத்தீன் திருப்பலி இசைகளை அச்சிட்டார். ஒன்று நான்கு குரலுக்கு, ஒன்று மூன்று குரலுக்கு, ஒன்று ஐந்து குரலுக்கு. ஒரு குரலுக்கு ஒருவர் போதும். அதாவது மூன்றே பேர் கிடைத்தாலும் பலிபூசை இசையோடு நடக்கும். நாலாவது ஆள் வந்தால் வேறு புத்தகம். ஐந்தாவது ஆளும் சேர்ந்தால் இன்னொன்று. எத்தனை பேர் துணிந்து வருகிறார்கள் என்பதுதான் இசையின் அளவை முடிவு செய்தது.

அச்சிட்ட விதமும் அப்படித்தான். அட்டைப்பக்கம் கிடையாது. அச்சகப் பெயர் கிடையாது. தேதி கிடையாது. ஆனால் பக்கங்களின் மேல் பேர்டின் பெயர் மட்டும் இருக்கிறது! அவர் அதை ஏன் விட்டுவைத்தார் என்று இன்றுவரை விவாதம் நடக்கிறது. துணிச்சல் என்றுதான் தோன்றுகிறது. அச்சிட்டவர் தாமஸ் ஈஸ்ட் என்பதும், எந்த ஆண்டு என்பதும் 20-ம் நூற்றாண்டில்தான் உறுதியானது. அலங்கார எழுத்து அச்சுக்கட்டைகளில் இருந்த தேய்மானத்தை, தேதி போட்ட மற்றப் புத்தகங்களோடு ஒப்பிட்டுக் கண்டுபிடித்தார்கள். கிட்டத்தட்ட துப்பறியும் வேலை.

இந்தப் புத்தகங்களில் எல்லாக் குரலும் ஒரே பக்கத்தில் இருக்காது. ஒவ்வொரு பாடகருக்கும் அவருடைய குரல் மட்டும் உள்ள மெல்லிய தனிப் புத்தகம். அடுத்தவர் என்ன பாடப்போகிறார் என்பது கண்ணுக்குத் தெரியாது, காதால் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும். ஒரு புத்தகம் தொலைந்தால் மொத்த இசையும் நொண்டியடிக்கும்.

முடிசூட்டு விழாவில் ஒலித்தது நான்கு குரல் திருப்பலியின் ஒரு பகுதி. தமிழ்க் கத்தோலிக்க ஆலயங்களில் வானவர் கீதம் என்பார்களே, அதன் லத்தீன் வடிவம். அதே திருப்பலியின் கடைசிப் பகுதி இன்னும் உருக்கமானது. உலகின் பாவம் போக்குபவரே, எங்களுக்கு அமைதி தாரும் என்ற வேண்டுதல். இரண்டே குரலில் தொடங்கும். பிறகு மூன்று. கடைசியில் நான்கும் சேரும்போது, அமைதி என்ற சொல்லுக்காக ஒவ்வொரு குரலும் பக்கத்துக் குரலோடு உரசி, வலித்து, மெல்ல இறங்கும். மறுபடி உரசும். அமைதி கேட்கும் இடத்தில் இவ்வளவு உரசலை வைத்தவர் யாரைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தார் என்று ஊகிப்பது கஷ்டமில்லை.

அப்புறம் ஏன் அவரைப் பிடிக்கவில்லை?

பிடித்தார்கள், வழக்கும் போட்டார்கள். ஆனால் எதுவும் ஒரு எல்லைக்கு மேல் போகவில்லை. 1592-ல் பேர்ட் மீதிருந்த நடவடிக்கை ராணியின் உத்தரவால் நிறுத்தப்பட்டது. ராணிக்கு அவர் தேவைப்பட்டார். 1588-ல் ஸ்பெயினின் கடற்படை தோற்ற பிறகு, ராணியே எழுதிய நன்றிப் பாட்டுக்கு மெட்டமைத்தவர் யார்? கத்தோலிக்க ஸ்பெயின் தோற்றதற்குக் கத்தோலிக்க பேர்ட்தான் இசை. அரண்மனை வழிபாட்டுக்காக அவர் எழுதிய ஆங்கில இசையும் சும்மா கடமைக்கு எழுதியது இல்லை. அவரது மகா வழிபாட்டு இசை என்று அழைக்கப்படும் படைப்பை ஆங்கிலிக்கன் ஆலயங்கள் இன்றும் பொக்கிஷமாக வைத்திருக்கின்றன.

பேர்டை ஒரு தியாகியாக மட்டும் வரைவதும் சரியாக இருக்காது. 1590-களின் தொடக்கத்தில் அவர் லண்டனை விட்டு எசெக்ஸில் உள்ள ஸ்டோண்டன் மாஸி கிராமத்துக்குக் குடிபோனார். பக்கத்திலேயே அவரது புரவலர் ஜான் பெட்ரேயின் இங்கேட்ஸ்டோன் மாளிகை. பாதிரியார்களை ஒளித்து வைக்கச் சுவருக்குள் கட்டிய ரகசிய அறைகளை அந்த வீட்டில் இன்றும் பார்க்கலாம். கிராமத்தில் பேர்ட் குடும்பம் இருந்த பண்ணை யாருடையது தெரியுமா? வில்லியம் ஷெல்லி என்ற கத்தோலிக்கருடையது. சதி வழக்கில் சிக்கியதால் அவர் நிலத்தை அரசு எடுத்துக்கொண்டது. அதைத்தான் பேர்ட் அரசிடம் குத்தகைக்கு வாங்கினார். மதத்துக்காக நிலம் இழந்தவரின் நிலத்தில், அதே மதத்தை ரகசியமாகப் பின்பற்றுகிறவர்! ஷெல்லியின் மனைவி ஆண்டுக்கணக்கில் வழக்காடினார். பேர்ட் விட்டுக்கொடுக்கவே இல்லை. அந்த அம்மாள் 1610-ல் இறந்த பிறகுதான் தகராறு ஓய்ந்தது.

புத்தகம் வைத்திருந்ததற்கே கைது

1603-ல் எலிசபெத் இறந்தார். ஜேம்ஸ் மன்னர் வந்ததும் கத்தோலிக்கர்களுக்குக் கொஞ்சம் மூச்சுவிட இடம் கிடைக்கும் என்று நம்பினார்கள். பேர்ட் அடுத்த திட்டத்தில் இறங்கினார். ஆண்டு முழுவதும் வரும் முக்கிய திருநாள்களின் திருப்பலிகளுக்கான லத்தீன் பாடல்கள், இரண்டு தொகுதிகளில் 100-க்கும் மேல். பெயர் கிராடுவாலியா. முதல் தொகுதி 1605-ல் வந்தது.

நேரம் அப்படி ஒரு மோசமான நேரம். அந்த நவம்பர் 5-ம் தேதி நாடாளுமன்றத்தை வெடிமருந்து வைத்துத் தகர்க்க முயன்ற கத்தோலிக்கச் சதி அம்பலமானது. பிறகென்ன, வேட்டைதான். ஷார்ல் டி லிஞி என்ற பிரெஞ்சுக்காரர் லண்டன் விடுதி ஒன்றில் கைதாகி நியூகேட் சிறையில் அடைக்கப்பட்டார். குற்றம், கையில் பேர்டின் அந்தப் புத்தகங்கள் இருந்தது. எழுதியவர் வெளியே, வைத்திருந்தவர் உள்ளே. இரண்டாம் தொகுதி 1607-ல் வந்தது. மீதமிருந்த பிரதிகளுக்கு 1610-ல் புது முகப்புத்தாள் போட்டு மறுபடி விற்பனைக்கு விட்டார்கள்.

1623 ஜூலை 4-ம் தேதி பேர்ட் இறந்தார். வயது 80-ஐ ஒட்டி. அரண்மனைச் சிற்றாலயப் பதிவேட்டில் அவரை இசைக்கே தந்தை என்று குறித்து வைத்தார்கள். அந்த ஏட்டில் யாருக்கும் எளிதில் கிடைக்காத மரியாதை. இறப்பதற்கு முந்தைய ஆண்டு எழுதிய உயிலில், கத்தோலிக்கத் திருச்சபையின் உண்மையான உறுப்பினராகவே வாழ்ந்து சாக வேண்டும் என்று வெளிப்படையாக எழுதியிருந்தார். 

மறுபடி எழுந்த குரல்கள்

அதற்குப் பிறகு ஆங்கிலப் பாடல்கள் ஆலயங்களில் தொடர்ந்தன. லத்தீன் திருப்பலி இசை கிட்டத்தட்ட மௌனமானது. பாட வீடுகளும் இல்லை, கேட்க ஆளும் இல்லை. 1841-ல் லண்டன் பழம் இசை ஆர்வலர்கள் ஐந்து குரல் திருப்பலியைத் திரும்ப அச்சிட்டார்கள். 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில், புதிதாகக் கட்டிய வெஸ்ட்மின்ஸ்டர் கத்தோலிக்கக் கத்தீட்ரலில் ரிச்சர்ட் டெர்ரி இதைப் பாட வைத்தார். மூன்று நூற்றாண்டுக்குப் பிறகு அந்த இசை திறந்த கதவுகளோடு அதன் சொந்த வழிபாட்டுக்குத் திரும்பியது.

இன்று இதைக் கேட்க வழி நிறையவே உண்டு. குருவின் பெயரில் 1973-ல் தொடங்கிய டாலிஸ் ஸ்காலர்ஸ் குழு, மூன்று திருப்பலிகளையும் 1980-களில் பதிவு செய்தது. ஆண்ட்ரூ கார்வுட் நடத்தும் கார்டினல்ஸ் மியூசிக் குழு, பேர்டின் லத்தீன் இசை முழுவதையும் 13 தொகுதிகளாகப் பாடி முடித்தது. கடைசித் தொகுதிக்கு 2010-ல் கிராமபோன் இதழின் அந்த ஆண்டின் சிறந்த பதிவு விருது கிடைத்தது. இந்தக் குழுக்களில் மேல் குரலைப் பெண்கள் பாடுகிறார்கள். ரிச்சர்ட் போல்ட் வீட்டில் பாடியதுபோலவே. சில குழுக்கள் ஒரு குரலுக்கு ஒருவர் என்று மேசையைச் சுற்றி உட்கார்ந்தும் பாடுகின்றன.

ஸ்டோண்டன் மாஸி தேவாலயத் தோட்டத்தில் மனைவியின் பக்கத்தில் தன்னைப் புதைக்க வேண்டும் என்று பேர்ட் உயிலில் கேட்டிருந்தார். எந்தத் தேவாலயத்துக்கு வரவில்லை என்று அத்தனை ஆண்டுகள் அவர் குடும்பத்தின் மேல் புகார் எழுதினார்களோ, அதே தேவாலயம். கல்லறை எது என்று காட்ட அங்கே எந்த அடையாளமும் இல்லை. உள்ளே சுவரில் ஒரு நினைவுப் பலகை இருக்கிறது.